கிண்ணத்தில் ஒரு துளி பாகு

“முதல்ல எனக்குத் தீங்கு செஞ்சவன் பச்சையப்பன்தான், தாயே. வேற யாரும் இல்ல. என் கூடப்பிறந்த அண்ணன்.”

தாண்டவராயன் இதைச் சமையல்கட்டு வாசலில் நின்றபடி சொன்னார். உள்ளே கால் வைக்கவில்லை. முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

உள்ளே வடிவம்மை வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த மலையடிவாரத்து மடத்துக்கு அவள்தான் தலைமை. சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் அவளை அம்மை என்றே கூப்பிட்டன. வயதில் தாண்டவராயனுக்குத் தங்கையாக இருக்கத்தக்கவள். நல்ல உடம்பு, நல்ல பசி. பேச்சு மட்டும் கொஞ்சம்.

“உள்ள வந்து உட்காருங்க பெரியவரே.”

“இங்கேயே நிக்கிறேன்.”

“என்ன செஞ்சார் உங்க அண்ணன்?”

“ஒரு வார்த்தை சொன்னான்.”

“அதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?”

“அந்த வார்த்தையை அவனே திருப்பி எடுத்துக்கணும். நாலு பேர் முன்னாடி சொன்னான், நாலு பேர் முன்னாடி எடுத்துக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“எப்போ சொன்னார்?”

“நாற்பது வருஷம் ஆச்சு.”

அம்மை வெல்லம் தட்டுவதை நிறுத்தினாள்.

“சொல்லுங்க.”

அவர் சொன்னார். சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப் போன கதை அது. எங்கேயும் தடுக்கவில்லை.

அவர்கள் வீட்டில் தீபாவளி அமாவாசைக்குக் கௌரி நோன்பு உண்டு. நோன்பு என்றால் அதிரசம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடித்த மாவு. அதை வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, இரண்டு நாள் மூடி வைத்து, அப்புறம் தட்டி எண்ணெயில் போட வேண்டும். எல்லாம் பாகில் இருக்கிறது. பாகு இளசாக இருந்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். முற்றிப்போனால் பல் உடையும்.

அவர்களுடைய அம்மா அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். பாகை மூத்தவன்தான் இறக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை இளையவன்தான் பிடிக்க வேண்டும். மூத்தவன் கரண்டி நுனியால் ஒரு துளி பாகைக் கிண்ணத்தில் விடுவான். இளையவன் அதை விரலால் உருட்டிப் பார்த்துச் சொல்லுவான். துளி தண்ணீரில் பரவினால் இன்னும் ஆகவில்லை. மெத்தென்று உருண்டால் இறக்கலாம். ஒருத்தனே இரண்டையும் செய்தால் அவசரப்படுவான் என்பது அவளுடைய எண்ணம்.

“எனக்குக் கல்யாணமான வருஷம். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போயிட்டேன். அம்மாவும் அப்போ இல்ல. பச்சையப்பன் தனியா பாகு வெச்சான். கிண்ணத்தையும் அவனே வெச்சுக்கிட்டான்.”

“ம்.”

“நோன்பு அன்னிக்கு நானும் என் பெண்டாட்டியும் திரும்பி வந்தோம். வீடு நிறைய சொந்தக்காரங்க. அடுப்புல எண்ணெய் காஞ்சு நிக்குது. நான் இந்த மாதிரிதான், வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தேன். அந்நேரம் பார்த்து முதல் அதிரசத்தை எண்ணெயில விட்டான்.”

“பிரிஞ்சுதா?”

“பொரிப்பொரியா போச்சு. ரெண்டாவதும் போச்சு. திரும்பினான், என்னைப் பார்த்தான். ‘வந்துட்டான்யா! இவன் கொள்ளிக்கண்ணு பட்டா எது உருப்படும்?’னான்.”

“அப்புறம்?”

“சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. என் பெண்டாட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா. எங்க வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆகலை அவ.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்ன சொல்றது? அவன் பெரியவன்.”

அம்மை ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

“அன்னிலேருந்து, எந்த வீட்டுல எண்ணெய்ச்சட்டி வெச்சாலும் எனக்குக் கதவைச் சாத்தினாங்க. அப்புறம் கன்னு போட்ட மாட்டுக்குச் சாத்தினாங்க. அப்புறம் பிள்ளைங்களுக்கு. நான் தெருவுல வந்தா குழந்தை முகத்துல முந்தானை விழும். ஊரை விட்டே வந்துட்டேன். பேச்சு எனக்கு முன்னாடியே புது ஊருக்கு வந்து உட்கார்ந்திருந்துச்சு.”

“உங்க பிள்ளைங்க?”

“ஒரே பொண்ணு. அம்சவேணி.”

“அவளைப் பார்த்தீங்களா?”

தாண்டவராயன் முற்றத்துக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூங்கும்போது பார்ப்பேன். கொஞ்ச நேரம்.”

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. அம்மை அதை உள்ளே தள்ளினாள்.

“நாற்பது வருஷம் பொறுத்தவர், இப்போ என்ன அவசரம்?”

“அம்சவேணிக்குப் பிள்ளை பிறந்திருக்கு. ரொம்ப காலம் கழிச்சு. கோயில் கோயிலா ஏறி இறங்கிப் பெத்த பிள்ளை. வந்து பாருப்பா, வந்து பாருப்பான்னு போன் மேல போன்.”

“போகலையா?”

“அவளைக் கட்டிக்கொடுத்தது எங்க பழைய ஊருல. பச்சையப்பன் இருக்கிற தெருவுலதான் அவ வீடும். அவன் வார்த்தையைத் திருப்பி எடுக்காம அந்தத் தெருவுல கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“கோபம்.”

“ஆமா தாயே. கோபம்.”

“கோபம் மட்டும்தானா?”

அவர் துண்டின் நுனியை விரலில் சுற்றினார்.

“எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்,” என்றார் தாண்டவராயன்.

•

மடத்தில் சமையல் பார்ப்பவள் அபரஞ்சி. கதையைக் கதவுக்குப் பின்னால் நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, மாவுப் பாத்திரத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

“அம்மை, நோன்பு மாவு இது. இந்த ஆளை வாசல்ல வெச்சுக்கிட்டா பாகு காய்ச்சப் போறீங்க?”

“வாசல்ல வேண்டாம்.”

“அப்பாடா.”

“உள்ள வரச் சொல்லு.”

அபரஞ்சி வாயில் கை வைத்தாள். தாண்டவராயன் இரண்டடி பின்னால் போனார்.

“எனக்கு வேண்டாம் தாயே. உங்க நோன்பு கெட்டா அந்தப் பழியும் என் தலையில விடியும்.”

“ரெண்டு நாள்ல அமாவாசை. சுத்துப்பட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் இங்கதான் வந்து நோன்பு கும்பிடுவாங்க. எனக்குக் கை பத்தலை. கிண்ணம் பிடிக்க ஆள் வேணும்.”

“அபரஞ்சி இருக்காங்களே.”

“அவளுக்குக் கிண்ணம் பிடிச்சுப் பழக்கமில்லை. உங்களுக்கு இருக்கு.”

அவர் உள்ளே வந்தார். பக்கவாட்டாக, சுவரைப் பார்த்தபடி வந்தார். அம்மை ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். முகத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்.

பாகு கொதித்தது. வெல்ல வாசனை கூரை வரைக்கும் ஏறியது. அந்த வாசனையை இவ்வளவு கிட்டத்தில் முகர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தாண்டவராயனின் மூக்கு விடைத்தது.

அம்மை கரண்டி நுனியால் ஒரு துளியைக் கிண்ணத்தில் விட்டாள்.

அவர் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் சின்ன வயதில் பழகிய கழுத்து அது. தானாகத் திரும்பியது. ஒரு கணம்தான்.

துளி நிற்கவில்லை. தண்ணீருக்குள் புகை மாதிரிப் பரவியது.

“பதம் வந்துடுச்சா பெரியவரே?” என்று அம்மை கேட்டாள்.

இன்னும் நாலு கொதி வேண்டும். அது அவருக்குத் தெரிந்தது. தன் பெயர் தெரிகிற மாதிரித் தெரிந்தது.

“நான் பார்க்கலை தாயே.”

“பார்க்கலையா?”

“நான் எதையும் பார்க்கிறதில்லை.”

“சரி.”

அம்மை பாகை இறக்கிவிட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். ஏதாவது சொல்லி, அது வேறு விதமாகப் போனால்? யார் கேட்டார்கள் உன்னை என்று அபரஞ்சி எகிறினால்? அவர் வாயை மூடிக்கொண்டார். அம்மை மாவைக் கொட்டிக் கிளறினாள், நெய் தடவினாள், துணி போட்டு மூடி ஒரு மூலையில் வைத்தாள்.

“தாயே, நான் கேட்ட வழி?”

“மாவு ஊறட்டும்.”

•

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். தாண்டவராயன் தன் இலையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மற்றவர்கள் இலையில் பார்வை விழக் கூடாது என்று அவர் வைத்திருந்த பழக்கம்.

அம்மை தன் இலையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். சுவர் அவள் முதுகில் இடித்தது.

“என்ன தாயே இது?”

“எனக்கு இங்கதான் காத்து வருது.”

காற்று வருகிற ஜன்னல் அந்தக் கோடியில் இருந்தது. தாண்டவராயன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மை இரண்டாம் முறை சாம்பார் வாங்கினாள். மூன்றாம் முறையும் வாங்கினாள். வயிறு நிறைந்த பிறகு கேட்டாள்.

“உங்க அண்ணன் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கிட்டார்னு வெச்சுக்குங்க. அப்புறம்?”

“அப்புறம் ஊருக்குத் தெரியும்.”

“ஊருக்குத் தெரிஞ்சப்புறம்?”

“பேரப்பிள்ளையைப் போய்ப் பார்ப்பேன்.”

“அவர் சொன்னதும் உங்க கண்ணு வேற கண்ணா ஆயிடுமா?”

தாண்டவராயன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்ததையே பிசைந்தார்.

“அவன்தானே தாயே கெடுத்தான். அவன்தானே சரி பண்ணணும்.”

“அவருக்கும் வயசாச்சே. சொல்லாமலே கண்ணை மூடிட்டா?”

“கூடாது!” கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. “அவன் சாகக் கூடாது. விளக்கு ஏத்தும்போதெல்லாம் அவனுக்கு ஆயுசு குடுன்னுதான் சாமியை வேண்டிக்கிறேன். போன வருஷம் அவனுக்கு நெஞ்சு வலின்னு கேள்விப்பட்டு மூணு நாள் எனக்குச் சோறு இறங்கலை.”

மோர் ஊற்ற வந்த அபரஞ்சி அப்படியே நின்றாள்.

“பகையாளிக்கு ஆயுசு கேட்கிற ஆளை இப்போதான் பார்க்கிறேன்,” என்றாள்.

“பகையாளி இல்லம்மா. எனக்கு ஒன்னு தர வேண்டியவன்.”

“எல்லாம் ஒன்னுதான். இலையைப் பார்த்துச் சாப்பிடுங்க. என் மோர்ப் பானையைப் பார்க்காதீங்க.”

“பார்க்கலைம்மா.”

“பார்க்காமலே இன்னிக்குப் புளிச்சுப் போச்சு,” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் போனாள்.

மறுநாளும் அவர் கேட்டார்.

“தாயே, வழி?”

அம்மை மூலையில் இருந்த பாத்திரத்தைத் திறந்து, மாவை ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, மறுபடி மூடினாள்.

“இன்னும் ஒரு பொழுது,” என்றாள்.

•

அமாவாசை அன்று விடிந்ததிலிருந்தே பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மஞ்சள் பூசிய முகங்கள், தாம்பாளங்கள், நோன்புக் கயிறு, வெற்றிலை. கூடம் நிறைந்தது. படையலுக்கு அதிரசம் வர வேண்டும். வந்தால்தான் பூசை.

சமையல்கட்டில் எண்ணெய் காய்ந்தது. அம்மை தாண்டவராயனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து அடுப்புக்கு நேர் எதிரே மணையில் உட்காரவைத்தாள். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“துண்டை எடுங்க.”

“வேண்டாம் தாயே. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.”

“எண்ணெய் தெறிச்சா துணி பத்திக்கும். எடுங்க.”

எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறங்க.”

அபரஞ்சி, “அம்மை, வெளியில அம்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. விளையாடாதீங்க,” என்றாள். குரலில் அழுகை இருந்தது.

அம்மை வாழையிலைத் துண்டில் எண்ணெய் தொட்டு, ஓர் உருண்டையை வைத்துத் தட்டி, வழித்து எண்ணெயில் விட்டாள்.

தாண்டவராயன் பார்த்தார்.

அதிரசம் அடியில் போனது. மேலே வந்தது. வரும்போதே ஓரம் பிய்ந்தது, நடு பிய்ந்தது, சட்டி முழுக்கப் பொரிப்பொரியாக நுரைத்தது.

“ஐயோ!” என்று அபரஞ்சி கத்தினாள். “நான் சொன்னேன் இல்ல? சொன்னேன் இல்ல? இந்த மடத்துல இத்தனை வருஷத்துல ஒரு அதிரசம் பிரிஞ்சதுண்டா? கொள்ளிக்கண்ணு! கொள்ளிக்கண்ணைக் கொண்டாந்து அடுப்பு முன்னாடி உட்காரவெச்சா வேற என்ன ஆகும்?”

கூடத்தில் பேச்சு நின்றது. இரண்டு மூன்று தலைகள் வாசலில் முளைத்தன.

அம்மை இன்னொன்றைத் தட்டி விட்டாள். அதுவும் பிரிந்தது.

தாண்டவராயன் எழுந்தார். துண்டைத் தோளில் போடப் பார்த்தார், அது கீழே விழுந்தது. நாற்பது வருஷம் கழித்து அதே வாசல், அதே எண்ணெய், அதே முகங்கள். அவர் அம்மையைப் பார்த்தார். அந்த ஒருத்தி மட்டும் தன் பக்கம் பேசுவாள் என்று பார்த்தார்.

அம்மை தலையை ஆட்டினாள்.

“அபரஞ்சி சொல்றது சரிதான்,” என்றாள் எல்லோருக்கும் கேட்க. “இவர் கண்ணுதான்.”

வாசலில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

தாண்டவராயனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, அந்த மடத்தில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தத்தில் அவர் கத்தினார்.

“கண்ணாவது மண்ணாவது! பாகை இளசா இறக்கினா பிரியாம வேற என்னடி செய்யும்?”

அம்மையை ‘டி’ போட்டுப் பேசியதை அவர் கவனிக்கவில்லை. அபரஞ்சி கவனித்தாள். கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது.

அம்மையின் முகம் மாறவில்லை.

“இளசா இருந்துச்சா? உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் பார்க்கலையே.”

“பார்த்தேன்!”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன், பார்த்தேன்! துளி நிக்கலை. விட்ட இடத்துல கரைஞ்சு ஓடிச்சு. இன்னும் நாலு கொதி வேணும். கண்ணால பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சுது. நான் சொல்லலை. நான்…”

அவர் நிறுத்தினார்.

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர் மாதிரி நின்றார். மெதுவாக மணையில் உட்கார்ந்தார்.

அம்மை ஜல்லிக்கரண்டியால் சட்டியிலிருந்த தூள்களை அரித்து ஓர் இலையில் கொட்டினாள். ஊதி ஊதி ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டாள்.

“ருசியில ஒன்னும் குறை இல்ல,” என்றாள். இலையை அபரஞ்சி பக்கம் தள்ளினாள். “ஆனா பிரிஞ்சதைப் படைக்க முடியாது. வெளியில காத்துக்கிட்டு இருக்காங்க. இப்போ என்ன செய்யறது பெரியவரே?”

அவர் மாவுப் பாத்திரத்தை அருகில் இழுத்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

“மாவு மீதி இருக்கா?”

“எந்த மாவு?”

“அரிசி மாவு. ஈர மாவு ஆகாது. காஞ்சது.”

அபரஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தாள். தாண்டவராயன் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, அடித்துப் பிசைந்தார். விரல் இடுக்கில் ஒட்டுவது நிற்கும் வரை பிசைந்தார்.

“எங்க அம்மா இப்படித்தான் தேத்துவா,” என்றார் யாருக்கும் இல்லாமல். “முழுசா அந்தப் பதம் வராது. ஆனா பிரியாது.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றாள் அபரஞ்சி.

“நீ மோர்ப் பானையையே பார்க்க விடலையேம்மா.”

வாசலில் நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவர் ஓர் உருண்டையை எடுத்துத் தட்டினார். எண்ணெயில் விட்டார். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார்.

அது அடியில் போனது. மேலே வந்தது. ஓரம் மினுமினுத்தது. நடுவில் மெல்ல உப்பியது. முழுசாக, வட்டமாக மிதந்தது.

வாசலில் நின்ற தலைகள் இன்னும் உள்ளே நீண்டன.

“அப்படியே பார்த்துக்கிட்டு இருந்தா கருகிடும். திருப்புங்க,” என்றாள் அபரஞ்சி.

•

பூசை முடிந்தது. கயிறு கட்டிக்கொண்டார்கள். கூட்டம் கலையத் தொடங்கியது.

அம்சவேணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள். முந்தின நாளே அம்மை அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். பூசைக்கு முன்பே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா கத்தியதை முழுக்கக் கேட்டிருந்தாள்.

“அப்பா.”

தாண்டவராயன் நிமிர்ந்தார். குழந்தையின் கன்னத்தில் பெரிய கறுப்புத் திருஷ்டிப் பொட்டு. அதைக் கண்டதும் பழைய கழுத்து பழையபடி திரும்பிவிட்டது. சுவரைப் பார்த்து நின்றார்.

“எனக்காகவா வெச்ச?”

“எல்லாத் தாயும் வெக்கிறதுதான்ப்பா.”

“நல்லதுதான். இருக்கட்டும்.”

அம்சவேணி முந்தானை நுனியை நாக்கில் நனைத்தாள். குழந்தையின் கன்னத்திலிருந்த பொட்டை அழுத்தித் துடைத்தாள். கறுப்பு போய்க் கன்னம் சிவந்தது.

“இப்போ பாருப்பா.”

“என்ன வேலை செய்யற நீ? திருப்பி வெய்.”

“மாட்டேன். பாரு.”

அவர் திரும்பினார்.

தலை நிறைய முடி. சப்பையான சின்ன மூக்கு. குழந்தை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. ஒரு நொடி உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அடுத்த நொடி வீல் என்று வீறிட்டது. முகம் கன்றி, மூச்சுத் திணறி, மடமே அதிர அழுதது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அபரஞ்சியின் கை நின்றது. அம்சவேணியின் கை முந்தானைக்குப் போனது. பாதியில் நின்றது.

எல்லோரும் தாண்டவராயனைப் பார்த்தார்கள்.

அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முஷ்டியை வாயில் திணிப்பதையும், கிடைக்காமல் துப்புவதையும், மறுபடி திணிப்பதையும் பார்த்தார்.

“பசிக்குது,” என்றார். “எப்போ பால் குடுத்த?”

“பஸ் ஏறும்போதுப்பா.”

“பொழுது எங்க வந்து நிக்குது? அழாம வேற என்ன செய்யும்? உட்காரு. முதல்ல பால் குடு.”

அம்சவேணி மூலையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். அழுகை நின்றது. வெகுநேரம் சப்புக்கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மை அடுப்படியில் ஓர் அதிரசத்தைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

தாண்டவராயன் தொண்டையைச் செருமினார்.

“உன் பெரியப்பன் வந்து பிள்ளையைப் பார்த்தானா?”

“வந்தார்ப்பா. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?”

“மூக்கு உன்னோட மூக்காம்.”

“மூக்கு கிடக்கட்டும். அந்த அதிரசத்தைப் பத்தி?”

“ஒன்னும் சொல்லலை.”

“ஒரு வார்த்தை?”

“இல்லப்பா.”

அவர் அம்மை பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா தாயே? இன்னும் தரலை. எனக்கு வர வேண்டியது அப்படியே நிக்குது.”

“ஆமா, நிக்குது. என்ன செய்யப் போறீங்க?”

“விட மாட்டேன். நாளைக்கே அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு கேட்பேன்.”

“சொல்லலைன்னா?”

“மறுநாளும் போவேன்.”

“அப்பவும் சொல்லலைன்னா?”

குழந்தை குடித்து முடித்திருந்தது. தாண்டவராயன் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். முதுகில் மெல்லத் தட்டினார்.

“இவனைத் தூக்கிக்கிட்டுத் தினமும் போவேன் தாயே,” என்றார். “அவன் சொல்ற வரைக்கும்.”